ஞாயிறு புழுதி, திங்கள் ஆபீஸ்: இரண்டுக்கும் ஒரே வண்டி
வாசகர் கேள்வி-பதில்

நெல்லைச் சீமையிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். தினமும் ஓட்டுகிற காரையே எப்போதாவது மண் தடத்தில் இறக்கி விளையாட வேண்டும், அதற்கு எது தோது? அந்தக் கடிதங்களுக்கு மட்டுமே இந்த இதழில் பதில்.

அண்ணாச்சி, வீடு கே.டி.சி. நகர், வேலை பேட்டையில். போக வர தினமும் 25 கிலோமீட்டர். வீட்டுக்காரி, ரெண்டாப்பு படிக்கிற மகள், மாசம் ஒருக்கா திருச்செந்தூர். வருஷத்தில் ரெண்டு மூணு தடவை ராலிகிராஸ் மாதிரி ஓட்டணும்னு ரொம்ப நாள் ஆசை. ஆறு லட்சம் வைத்திருக்கிறேன், செகண்ட் ஹேண்ட் பரவாயில்லை. ஸ்விஃப்டா, போலோவா, வேறு ஏதாவதா?
வாசகர், பாளையங்கோட்டை

முதலில் விளையாட்டைப் பிரித்துக்கொள்வோம். ராலிகிராஸ் என்பது பாதி தார், பாதி சரளை கொண்ட குட்டித் தடத்தில் பல வண்டிகள் ஒன்றாகக் கிளம்பி முட்டி மோதி ஓடுவது. 1967 பிப்ரவரியில் இங்கிலாந்தின் லிடன் ஹில்லில் தொடங்கியது. 2014-ல் உலக சாம்பியன்ஷிப் அந்தஸ்தும் பெற்றது. அதில் தகரம் நசுங்குவது ஆட்டத்தின் பாகம். நம் பக்கம் சொந்த வண்டியோடு போய்க் கலந்துகொள்ளக் கிடைப்பது ஆட்டோகிராஸ். மண் தடம், கூம்புகள், பெரும்பாலும் தடத்தில் ஒரே வண்டி, போட்டி கடிகாரத்தோடு. மகளைத் திங்கட்கிழமை பள்ளியில் விட வேண்டியவருக்கு இதுதான் பொருத்தம்.

கோவைப் பக்கம் ஒரு போட்டி என்றால் போக மட்டும் 350 கிலோமீட்டருக்கு மேல். டிரெய்லரில் ஏற்றிப் போகப்போவதில்லை. அதே வண்டியில் போய், ஓட்டி, அதிலேயே திரும்ப வேண்டும். அதனால் எவ்வளவு வேகம் என்பதைவிட எவ்வளவு லேசு, பாகம் எங்கே கிடைக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எடை கூடினால் பிரேக் சூடாகிறது, டயர் தேய்கிறது, குழியில் விழும்போது ஷாக் அப்சார்பருக்கு அடி கூடுகிறது. குதிரைத்திறனால் இது எதையும் சரிக்கட்ட முடியாது.

எங்கள் தேர்வு 2018 முதல் 2020 வரை வந்த ஸ்விஃப்ட் பெட்ரோல், மேனுவல் கியர், வி.எக்ஸ்.ஐ. ரகம். 1.2 லிட்டர் நாலு சிலிண்டர், 83 பி.எஸ். (குதிரைத்திறன்), 113 நியூட்டன் மீட்டர் (முறுக்குவிசை). காகிதத்தில் பார்த்தால் சாதாரணம்தான். ஆனால் வண்டி எடை 870 கிலோவை ஒட்டித்தான். பின்னால் டிரம் பிரேக், கம்பி இழுக்கிற ஹேண்ட் பிரேக். மண்ணில் வண்டியின் வாலைத் திருப்ப இது வேண்டும். பொத்தானில் இயங்கும் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்கால் அது முடியாது. பாகங்கள் வண்ணார்பேட்டையில் கிடைக்கவில்லை என்றால் மதுரையிலிருந்து மறுநாளே பஸ்ஸில் வந்துவிடும்.

வி.எக்ஸ்.ஐ.யை ஏன் குறிப்பாகச் சொல்கிறோம்? டயருக்காக. அதில் வருவது 165/80 ஆர்14, இரும்புச் சக்கரம். டயரின் பக்கச்சுவர் 132 மில்லிமீட்டர். மேல் ரகத்தில் வரும் 185/65 ஆர்15-க்கு 120. போலோவின் 16 அங்குலச் சக்கரத்து 195/55-க்கு 107. கல்லில் அடி விழும்போது ரிம்முக்கு முன்னால் அதைத் தாங்குவது இந்த ரப்பர்ச் சுவர்தான். இரும்பு ரிம் நெளிந்தால் தட்டி நிமிர்த்தி வீடு வரலாம். அலாய் விரிசல் விட்டால் ஸ்டெப்னிதான். ஏற்கெனவே 15 அங்குல அலாய் உள்ள வண்டியாகக் கிடைத்தால், 14 அங்குல இரும்பு ரிம் ஒரு செட் தனியாக வாங்கிக்கொள்ளலாம். இரண்டு டயரின் மொத்த உயரமும் 620 மில்லிமீட்டரை ஒட்டியே இருப்பதால் ஸ்பீடோமீட்டர் மாறாது. வாங்கும் முன் ஒரு ரிம்மை முன்பக்கம் மாட்டி, கையால் சுற்றி, பிரேக் காலிபரில் உரசுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இதன் குறை தரை இடைவெளி, 163 மில்லிமீட்டர். முந்தைய தலைமுறை ஸ்விஃப்டில் 170 உண்டு, ஆனால் எடை கூடுதல். இன்னொரு குறை நம்மூர் சார்ந்தது. ஆடிக் காற்றில் பணகுடி, காவல்கிணறு காற்றாலைப் பக்கம் நாலுவழிச் சாலையில் லேசான வண்டி பக்கவாட்டில் தள்ளும். லாரியைத் தாண்டி வெளியே வரும் நொடியில் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும்.

போலோ 1.0 டி.எஸ்.ஐ. மேனுவல் அருமையான வண்டி: 110 பி.எஸ்., 175 நியூட்டன் மீட்டர், ஆறு கியர். நெடுஞ்சாலைச் சுகத்தில் ஸ்விஃப்ட் அதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் இந்தியாவில் 2022-ல் தயாரிப்பு நின்றுவிட்டது, எடை ஒரு டன்னுக்கு மேல், பாகத்தின் விலையும் காத்திருப்பும் அதிகம். வருஷத்துக்கு ஒரு லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் கை) மாற்றுவது உங்களுக்குப் பொருட்டில்லை என்றால் வாங்குங்கள். பழைய 1.2 டி.எஸ்.ஐ. போலோவில் வந்த டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக் மட்டும் வேண்டாம். அதிலுள்ள ஏழு கியர்ப் பெட்டியின் உலர் கிளட்ச், மண்ணில் நின்று கிளம்பும் திரும்பத் திரும்பச் சூட்டுக்குப் படைக்கப்பட்டதல்ல. ஏ.எம்.டி. (மேனுவல் கியரையே தானாக மாற்றும் அமைப்பு) வண்டிகளும் வேண்டாம், வளைவின் நடுவில் அது கியர் மாற்ற யோசிக்கும் நேரத்தில் வண்டி நேராகப் போய்விடும். சி.என்.ஜி.யும் கூடாது, டிக்கியில் கனமான சிலிண்டரோடு வழுக்கலில் திரும்புவது ஆபத்து. ஐ20 என் லைன், ஆல்ட்ரோஸ் ரேசர் இரண்டும் 120 பி.எஸ். கொண்ட இனிமையான கார்கள்தான், உங்கள் பட்ஜெட்டைத் தாண்டியவை.

ஆறு லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். ஐந்துக்குப் பக்கத்தில் முடித்து, மீதியில் முதலில் சம்ப் கார்டு, அதாவது எஞ்சின் அடியைக் காக்கும் தகடு, போடுங்கள். 60-க்கு 50 சென்டிமீட்டர் அளவில் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு 7 கிலோ வரும். 5 மில்லிமீட்டர் அலுமினியம் 4 கிலோதான். லேத்தில் அலுமினியம் மடிக்கத் தெரிந்தவர் இருந்தால் அதுவே நல்லது. ஆயில் பானுக்கும் தகடுக்கும் இடையே 20 முதல் 25 மில்லிமீட்டர் இடைவெளி கட்டாயம். ஒட்டிக் கட்டினால் தகடு வாங்கும் அடி நேரே பானுக்குப் போகும், கார்டு போட்டே பயனில்லை. கார்டை பாடியின் மெல்லிய தகரத்தில் திருகாமல், சப்ஃபிரேமின் (எஞ்சினுக்கு அடியிலுள்ள இரும்புச் சட்டம்) கெட்டியான இடங்களில் ரப்பர் வாஷரோடு மாட்டச் சொல்லுங்கள். ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கு நேரே ஓட்டை இருக்கட்டும்.

அடுத்து பிரேக் ஆயில். பழையதை முழுக்க வெளியேற்றி புது டாட் 4 ரக ஆயில் ஊற்றுங்கள். புதிதாக இருக்கையில் அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு 155 வரை இறங்கும். பெடல் திடீரென்று பஞ்சு மாதிரி உள்ளே போவது ஈரம் ஏறிய ஆயில் கொதிப்பதால்தான். பிறகு முன்பக்க ஷாக் அப்சார்பர்கள், மேல் மவுண்ட், லோயர் ஆர்ம் ரப்பர் புஷ். 50,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் இவற்றில் ஏதாவது ஒன்று நிச்சயம் தளர்ந்திருக்கும். எஞ்சினைத் தொடவே வேண்டாம்.

மண் தடத்துக்கு டயரில் எவ்வளவு காற்று? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
வாசகர், முக்கூடல்

இறுகிய செம்மண், மேலே சரளை என்றால் சாதாரண டியூப்லெஸ் டயருக்கு முன்னால் 28, பின்னால் 30 முதல் 32 பி.எஸ்.ஐ. பின்னால் கூட்டுவது காரணத்தோடுதான். முன்சக்கர இழுவை வண்டி வளைவில் மூக்கைத் திருப்பாமல் நேரே போகப் பார்க்கும். பின் டயர் கொஞ்சம் இறுகி, பிடி குறைந்தால் வால் சுழன்று வளைவுக்கு உதவும். 26-க்குக் கீழே இறங்காதீர்கள். வேகமாகத் திரும்புகையில் பக்கச்சுவர் மடிந்து, டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். தடம் முடிந்ததும் 12 வோல்ட் கம்ப்ரசரால் வழக்கமான அளவுக்கு ஏற்றிவிட்டே தார் ரோட்டில் ஏறுங்கள். போட்டிக்கான ராலி டயர்களை எம்.ஆர்.எஃப். தயாரிக்கிறது. ஆனால் முதல் வருஷம் அவை வேண்டாம். சாதாரண டயரில் வண்டி எப்போது வழுக்கும் என்று படித்த பிறகு வாங்கினால்தான் அதன் மதிப்பு தெரியும்.

ஜிம்னி வைத்திருக்கிறேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே தேரி. அதில் ஓட்டிப் பழகினால் ஆட்டோகிராஸுக்கு உதவுமா?
வாசகர், திசையன்விளை

உதவாது. தேரி மணல் காற்று கொண்டுவந்து குவித்த நைஸ் மணல். சரளையில் டயர் மேல்மண்ணைக் கிளறி, அடியிலிருக்கும் கெட்டித் தரையைப் பிடிக்கும். தேரியில் அடியில் பிடிக்க ஒன்றுமில்லை. கிளறக் கிளறச் சக்கரம் புதையும். இரண்டுக்கும் ஓட்டும் முறையே தலைகீழ். அதோடு தேரியின் பல பகுதிகள் காப்புக்காடு, மற்ற இடங்கள் யாரோ ஒருவருடைய பனை, முருங்கை, முந்திரி. கேட்காமல் இறங்கக் கூடாது.

உரிமையாளர் சம்மதத்தோடு சொந்த பந்தத்தின் தேரி நிலத்தில் ஓட்டுவதானால்: காற்று 16 முதல் 18 பி.எஸ்.ஐ., 4ஹெச் (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை), ஒரே சீரான வேகம், கூர்மையான திருப்பம் இல்லை, நிறுத்துவது எப்போதும் இறக்கத்தைப் பார்த்து. சக்கரம் சுழன்று புதையத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு ரிவர்ஸில் வந்த தடத்திலேயே வெளியே வாருங்கள். தார் ரோடு ஏறும்போது 2ஹெச்-க்கு (பின்சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) மாற்ற மறக்காதீர்கள். முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் நடு டிஃபரன்ஷியல் ஜிம்னியில் கிடையாது. பிடிப்புள்ள தரையில் 4ஹெச்-ல் திரும்பினால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

ஆட்டோகிராஸில் ஜிம்னி பாதுகாப்பாக ஓடும், வேகமாக ஓடாது. 210 மில்லிமீட்டர் உயரமும் இரு பக்கமும் முழு ஆக்சிலும் மேடு பள்ளத்துக்கு வரம், கூம்புக்குக் கூம்பு வெட்டித் திரும்புவதற்குப் பாரம்.

சொந்தமாக நாலு ஏக்கர் கரிசல். பருத்தி எடுத்தபிறகு சும்மா கிடக்கிறது. நண்பர்களோடு பழகத் தடம் போடலாமா?
வாசகர், சங்கரன்கோவில்

கரிசல் மழையில் ஒட்டும், வெயிலில் வெடிக்கும். ஈரத்தில் சக்கர வளைவுக்குள் அப்பி, ரிம்மின் உள்பக்கம் கட்டியாய்ப் பிடிக்கும். அப்படியே நாலுவழிச் சாலைக்குப் போனால் 70-க்கு மேல் ஸ்டியரிங் ஆடும். பலரும் அலைன்மென்ட் கெட்டுவிட்டது என்று பட்டறைக்கு ஓடுவார்கள், குச்சியால் சுரண்டினால் போதும். கோடையில் கை நுழையும் வெடிப்பு விழும். அதில் டயர் ஓரம் மாட்டினால் வண்டி கவிழக்கூடும். பக்கத்தில் செம்மண் சரளைத் தரை யாருக்காவது இருந்தால் அதை வாடகைக்குப் பேசுங்கள்.

எங்கே போட்டாலும் முதலில் கிணறு. கரிசல் காட்டில் கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக்கிணறுகள் உண்டு, சிலவற்றைச் சீமைக்கருவேலம் மூடியிருக்கும். வண்டியை இறக்கும் முன் நிலம் முழுவதையும் இரண்டு பேர் நடந்தே பாருங்கள். கிணறு, மின்கம்பம், வரப்புக்கல், பனைமூடு எதுவாக இருந்தாலும் தடத்தின் ஓரத்திலிருந்து 20 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்க வேண்டும். குறியீட்டுக்கு பிளாஸ்டிக் கூம்பு மட்டும். கல்லோ கட்டையோ வைக்காதீர்கள். தடத்தில் ஒரு வண்டிதான். பார்க்க வருகிறவர்கள் வளைவின் வெளிப்பக்கம் நிற்கவே கூடாது, பிள்ளைகள் அறவே கூடாது. தீயணைப்பான் ஒன்று ஆள் கையில், ஓட்டாத ஒரு வண்டி சாவியோடு தயாராக, அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு வழி தெரிந்த ஒருவர். தலைக்கு அடி என்றால் யோசிக்காமல் 108.

முதல் நாள் இரண்டு கூம்பு போதும். 40 மீட்டர் இடைவெளியில் வைத்து எட்டு போடுங்கள், இரண்டாம் கியரில். நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்து, ஆக்சிலரேட்டரை விட்டு மூக்கு உள்ளே வருவதை உணர்ந்து, அதன்பின் மெல்ல மிதிப்பது. ஸ்டியரிங்கை மேலும் மேலும் ஒடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. முன் டயர் வழுக்கும்போது ஒடிப்பதைக் குறைத்தால்தான் பிடி திரும்பும்.

மண்ணில் ஏ.பி.எஸ். பிரேக்கே பிடிக்கவில்லை. ஃபியூஸைப் பிடுங்கிவிடலாம் என்கிறார் மெக்கானிக்.
வாசகர், அம்பாசமுத்திரம்

அவர் சொல்வதில் பாதி உண்மை. சரளையில் சக்கரம் பூட்டிக்கொண்டால் டயருக்கு முன்னால் மண் குவிந்து, அந்தக் குவியலே வண்டியை நிறுத்த உதவும். ஏ.பி.எஸ். சக்கரத்தைச் சுழலவிட்டுக்கொண்டே இருப்பதால் குவியல் சேராது, தூரம் கூடும். மறுபாதி: அந்த ஃபியூஸோடு முன்-பின் பிரேக் பங்கீடும் போய்விடும். பின்பக்கம் லேசான ஸ்விஃப்ட் போன்ற வண்டியில் பின்சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி பம்பரமாகச் சுற்றும். தார் ரோட்டில், மழையில், மகளோடு போகையில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். முதல் வருஷம் ஏ.பி.எஸ். இருக்கட்டும், கூம்புக்கு பத்து மீட்டர் முன்னாலேயே பிரேக் பிடியுங்கள். பின்னர் போட்டி விதி அனுமதித்தால் தடத்துக்குள் மட்டும், மெதுவாகச் சோதித்த பிறகு. வெளி கேட்டைத் தாண்டும் முன் ஃபியூஸ் அதன் இடத்தில் இருக்க வேண்டும்.

கோன் ஏர் ஃபில்டரும் சத்தமான சைலன்சரும் போட்டால் பிக்கப் கூடுமா?
வாசகர், மேலப்பாளையம்

சத்தம் கூடும். கோன் ஃபில்டரில் உள்ள எண்ணெய் தடவிய பஞ்சு, கம்பெனி காகித ஃபில்டர் அளவுக்கு நைஸ் புழுதியைப் பிடிக்காது. உள்ளே போகும் மணல் சிலிண்டர் சுவரைத் தேய்க்கும். காகித ஃபில்டரையே போட்டு, ஒவ்வொரு புழுதி நாளுக்குப் பிறகும் புதிதாக மாற்றுங்கள்.

ரோல் கேஜ் போட்டுவிட்டால் குடும்பத்துக்கும் பாதுகாப்புதானே? இன்சூரன்ஸ் என்ன சொல்லும்?
வாசகர், தென்காசி

தினசரி வண்டியில் ரோல் கேஜ் (வண்டிக்குள் மாட்டும் இரும்புக் குழாய்க் கூண்டு) வேண்டாம். அது ஹெல்மெட்டும் போட்டி பெல்ட்டும் அணிந்தவருக்காகச் செய்தது. வெறுந்தலையோடு உட்கார்ந்தால், சின்ன விபத்திலும் காதுக்குப் பக்கத்து இரும்புக் குழாயில் தலை மோதும். பின் சீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்னும் மோசம். அதோடு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. பாடியையே வெட்டி ஒட்டும் அளவுக்குப் போகும் ஆசை இருந்தால் போட்டிக்கென்று தனி வண்டி வாங்குங்கள்.

இன்சூரன்ஸ் பாலிசியைப் பிரித்து 'பயன்பாட்டு வரம்பு' என்ற பத்தியைப் படியுங்கள். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை இரண்டும் அதில் விலக்கப்பட்டிருக்கும். தடத்தில் நேரும் சேதம் முழுக்க உங்கள் பணம். எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் விளையாட்டுச் சம்மேளனம்) அனுமதி பெற்ற போட்டியா என்று பார்த்து, அவர்கள் கேட்கும் லைசென்ஸை எடுத்து ஓட்டுங்கள். பொது ரோட்டில் ரேஸ் விட்டால் 189-ஆம் பிரிவு: முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு ஸ்விஃப்ட் மலிவாக வருகிறது. வெள்ளத்தில் மாட்டிய வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
வாசகர், வள்ளியூர்

கேட்டது நல்லது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்ததையும், ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் தண்ணீர் நின்றதையும் மறக்க முடியாது. அப்போது மூழ்கிய வண்டிகளைக் கழுவித் துடைத்து விற்றிருக்கவும் கூடும்.

சீட் பெல்ட்டை கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பாகம் சுத்தமாகத் துவைத்திருக்கும். சுருளுக்குள் கிடந்த கடைசி ஓரடியில் வண்டல் நிறத்தில் ஒரு கோடு குறுக்கே நிற்கும். அதற்கு மேல் வேறு சாட்சி வேண்டியதில்லை. கோடு இல்லையென்றாலும் ஸ்டெப்னிக் குழி, முன் சீட்டுத் தண்டவாளத்தின் அடிப்பக்கம், டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள போல்ட் தலைகள் இவற்றில் துருவைத் தேடுங்கள். கால்மிதிக் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். வெள்ள வண்டியில் எஞ்சினைச் சரிசெய்துவிடலாம். வயரிங் கனெக்டர்களில் பச்சை பூத்தால் மண் தடத்தின் குலுக்கலில் ஒன்றன்பின் ஒன்றாகக் கழலும், அதைத் தேடி முடியாது.

போட்டி முடிந்து ராத்திரி வீடு வந்தாயிற்று. மறுநாள் வேலைக்குப் போகும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
வாசகர், நாங்குநேரி

ராத்திரியே பார்க்காதீர்கள், எல்லாம் சூடாக இருக்கும். காலையில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் வீல் நட், கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சில். பிறகு ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ஆக்சில் ரப்பர் பூட்டின் மடிப்புகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். வெடிப்பு எப்போதும் மடிப்பின் பள்ளத்தில்தான் தொடங்கும், மேலே பார்த்தால் தெரியாது. கறுத்த கிரீஸ் விரலில் ஒட்டினால் பூட் போயிற்று. அன்றே மாற்றினால் பூட்டும் கிரீஸும் மட்டும்தான் செலவு. விட்டால் மணல் உள்ளே போய், திருப்பத்தில் டக் டக் என்று சத்தம் வந்து, ஜாயின்டையே மாற்ற வைக்கும்.

ஷாக் அப்சார்பர் தண்டில் எண்ணெய் ஈரம், ஏ.பி.எஸ். சென்சார் வயர், பிரேக் ஹோஸ், பாட்டரி கிளாம்ப் இவற்றைக் கண்ணால் பாருங்கள். எஞ்சின் ஆயில் அளவு குறைந்திருந்தால் மேல் கோடு வரை ஊற்றுங்கள். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்குவதால், அளவு குறைந்த வண்டியில் பம்ப் காற்றை உறிஞ்சும். சம்ப் கார்டைக் கழற்றி, உள்ளே சேர்ந்த சரளையைக் கொட்டுங்கள். ரேடியேட்டரை அழுத்தமான தண்ணீரால் முன்பக்கமிருந்து அடித்தால் புழுதி இன்னும் உள்ளே போய் அடையும், துடுப்புகளும் மடியும். சாதாரணக் குழாய்த் தண்ணீரை எஞ்சின் பக்கமிருந்து வெளியே வருகிறாற்போல் விடுங்கள். சிவப்புத் தண்ணீர் வடிந்து நின்று, தெளிந்த தண்ணீர் வரும் வரை.